நாற்பது எழுத்துக் குண்டூசி

கம்ப்யூட்டர் ஆபீஸ்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு. ''நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு ஸார். நான் எதையும் தொடலை!''

சொல்பவர் பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகாத பையன். கேட்பவர் டீம் லீடர். அவர் நம்பமாட்டார். 'நான் தொடலை' என்பதை நம் நாட்டில் மாமியார் முதல் மாஜிஸ்டிரேட் வரை யாரும் நம்பியதாகச் சரித்திரம் இல்லை. பையனுக்கு சனி, ஞாயிறு லீவு போச்சு. வருஷக் கடைசியில் அவன் ஃபைலில் 'கவனம் போதாது' என்று ஒரு வரி ஏறும். இன்க்ரிமென்ட்டில் ஒரு பூஜ்யம் இறங்கும்.

இந்த வாரம் அந்தப் பையனுக்காக வக்காலத்து வாங்கப் போகிறேன். அவன் சொல்வது சத்தியம். அவன் எதையும் தொடவில்லை. அவன் தொடாமலேயே மாறியதுதான் கோளாறு.

'நீ பி.காம். ஆச்சே, உனக்கு இதில் என்ன வேலை?' என்கிறீர்களா? புரோகிராம் எழுத எனக்குத் தெரியாது. ஆனால் வவுச்சரில் கையெழுத்து இல்லாமல் பணம் வெளியே போனால் மூக்கில் வியர்க்கும். இந்த விஷயத்துக்கு அந்த மூக்கு போதும்.

●

முதலில் ஒரு ரகசியம். எந்த சாஃப்ட்வேர் கம்பெனியும் தன் சாஃப்ட்வேர் முழுவதையும் தானே எழுதுவதில்லை. கல்யாண சமையல்காரர் அப்பளம் இடுவதில்லை, அல்லவா? அதுபோலத்தான். தேதியை அழகாக எழுத ஒரு துண்டு, படத்தைச் சுருக்க ஒரு துண்டு என்று உலகத்தில் யார் யாரோ எழுதி இலவசமாக வைத்திருக்கிறார்கள். கிட்ஹப் என்பது இதற்கான மிகப் பெரிய கிடங்கு. (2018 முதல் மைக்ரோசாஃப்ட்டுக்குச் சொந்தம்.) கிட்ஹப் 2024-ல் சொன்ன கணக்குப்படி, அங்கே கணக்கு வைத்திருக்கும் இந்தியர்கள் 1.7 கோடிக்கு மேல். நம் தெருவில் இரண்டு பேராவது தேறும்.

இந்தத் துண்டுகளை ஆள் போய் எடுத்து வருவதில்லை. அதற்கென்று எடுபிடி புரோகிராம்கள் உண்டு. கையில் லிஸ்ட்டைக் கொடுத்தால் போதும். ராத்திரி இரண்டு மணிக்குக்கூடக் கிடங்கு கிடங்காக ஓடி, எல்லாவற்றையும் வாங்கி வந்து கொட்டும். கூலி கேட்காது, டீ கேட்காது. ஒரே ஒரு கெட்ட பழக்கம்: லிஸ்ட்டில் எழுதியதை மட்டும்தான் பார்க்கும். யோசிக்காது.

ஆக, லிஸ்ட்டில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

●

லிஸ்ட் எழுத மூன்று வழி. முதல் வழி: 'புதுசா எது இருக்கோ அதைக் கொண்டா.'

எங்கள் பொம்மையார்பாளையத்துக்காரர்களுக்கு இதன் ஆபத்தை விளக்கவே வேண்டாம். கடலோர மனைக்கு எழுதின பத்திரத்தில் சக்குபந்தி போடும்போது 'கிழக்கே கடல்' என்று ஒரு வரி வந்தால் எவ்வளவு கம்பீரமாக இருக்கும்! ஆனால் கடல் நிற்கிற இடத்தில் நிற்பதில்லை. பாண்டிச்சேரித் துறைமுகத்துக்கு 1980-களில் தடுப்புச் சுவர் கட்டிய பிறகு, வடக்கே போக வேண்டிய மணல் அங்கேயே தங்கிவிட, இந்தப் பக்கம் கரை அரித்துக்கொண்டே வருகிறது. பத்திரத்தில் ஓர் எழுத்து மாறாது. 'கிழக்கே கடல்' என்பதும் பொய்யாகாது. மனை மட்டும் சின்னதாகிவிடும். உரிமையாளர் எதையும் தொடவில்லை ஸார்!

'புதுசா எது இருக்கோ' என்பதும் இதே சக்குபந்திதான். எல்லைக்கல் நகர்கிற இடத்தில் இருக்கிறது.

2022 ஜனவரியில் இது நடந்தது. கம்ப்யூட்டர் திரையில் எழுத்துக்குக் கலர் கொடுக்க 'கலர்ஸ்' என்று ஒரு துண்டு. எழுதியவர் மராக் ஸ்கொயர்ஸ் என்கிற அமெரிக்கர். பெரிய பெரிய கம்பெனிகள் தன் உழைப்பை இலவசமாகப் பயன்படுத்துகின்றனவே என்று அவருக்கு ரொம்ப நாள் வருத்தம். ஒரு நாள் தன் துண்டுக்குள் தானே ஒரு முடிவில்லாத சுற்றைச் செருகி, புதுப் பதிப்பு என்று வெளியிட்டார். 'இந்தப் பதிப்போ, இதற்கு மேற்பட்ட சின்னத் திருத்தமோ எது வந்தாலும் சரி' என்று லிஸ்ட்டில் எழுதியிருந்தவர்களின் எடுபிடிகள் ஓடிப்போய் அதை வாங்கி வந்தன. உலகம் முழுக்கத் திரைகளில் 'லிபர்ட்டி லிபர்ட்டி' என்று அர்த்தமில்லாத எழுத்துகள் கொட்டின. அன்றைக்கும் எத்தனையோ பையன்கள் 'நான் தொடலை ஸார்' சொல்லியிருப்பார்கள். '1.4.0 மட்டும்' என்று கறாராக எழுதியிருந்தவர்கள் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

●

'அப்படியானால் நம்பர் போட்டு எழுதிவிட்டால் போதுமே' என்பீர்கள். அதுதான் இரண்டாவது வழி. பதிப்புக்கு ஒரு பெயர்ச்சீட்டு இருக்கும், டேக் என்பார்கள். 'முப்பத்தைந்தாம் பதிப்பு' என்று லிஸ்ட்டில் எழுதலாம்.

நல்லதுதான். ஆனால் டேக் என்பது பஸ் போர்டு மாதிரி.

ஈ.சி.ஆரில் நின்றுகொண்டு 'காலாப்பட்டு' என்று போர்டு பார்த்து ஏறுகிறீர்கள். நேற்று ஏறிய பஸ்ஸும் இன்று ஏறுகிற பஸ்ஸும் ஒரே பஸ்ஸா? போர்டு மட்டும்தான் ஒன்று. டிப்போவில் ஒரு பஸ்ஸிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டினால் தீர்ந்தது. போர்டை மாட்டுகிற கை நல்ல கையாக இருக்கும்வரை பிரச்னை இல்லை.

2025 மார்ச் 14-ம் தேதி அது கெட்ட கையாக இருந்தது.

'டிஜே-ஆக்‌ஷன்ஸ்' என்பவர்கள் கிட்ஹப்பில் 'சேஞ்ச்டு ஃபைல்ஸ்' என்று ஒரு துண்டு வைத்திருந்தார்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் எந்தெந்த ஃபைல் மாறியிருக்கிறது என்று சொல்வது மட்டும் அதன் வேலை. பாவம், பரம சாது. 23,000-க்கு மேற்பட்ட கிடங்குகள் இதை லிஸ்ட்டில் வைத்திருந்தன. யாரோ ஒருவர், இந்தத் துண்டைப் பராமரிக்கும் கணக்கின் சாவியைத் திருடி உள்ளே போனார். புதுப் பதிப்பு எதையும் வெளியிடவில்லை. அங்கேதான் கெட்டிக்காரத்தனம்! ஏற்கெனவே இருந்த பழைய பதிப்புகளின் டேக்குகளை, கிட்டத்தட்ட எல்லாவற்றையும், கழற்றித் தன்னுடைய ஒரே ஒரு விஷத் துண்டின்மேல் மாட்டிவிட்டார்.

மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய அதே 'முப்பத்தைந்தாம் பதிப்பு' அன்று ராத்திரி வேறு ஆசாமி. பெயர் அதே. போர்டு அதே. டிரைவர் மட்டும் திருடன். கம்ப்யூட்டரின் நினைவுக்குள் இருந்த பாஸ்வேர்டுகளையும் சாவிகளையும் பொறுக்கி, வேலைப் பதிவேட்டில் எழுதி வைத்தான். பொதுக் கிடங்குகளில் அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். வீட்டுச் சாவியை வாசலில் ஆணியடித்துத் தொங்கவிட்ட கதை. மறுநாள் கிட்ஹப் அந்தக் கிடங்கையே இழுத்து மூடி, சுத்தம் செய்து பிறகு திறந்தது. நூற்றுக்கணக்கான கிடங்குகளின் ரகசியங்கள் வெளியானது பிறகு தெரிந்தது.

இதில் தப்பித்தவர்கள் யார் தெரியுமா? மூன்றாவது வழியில் லிஸ்ட் எழுதியவர்கள்.

●

எதிர்வீட்டுத் தம்பி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். அவரிடம் கேட்டேன்.

''மூணாவது வழின்னா என்னய்யா?''

''போர்டைப் பார்க்காம சேஸிஸ் நம்பரைப் பார்த்து ஏர்றதுண்ணே.''

''கூட்டத்துல குனிஞ்சு சேஸிஸ் நம்பர் பார்த்தா ஜேப்படியே போயிடுமே?''

''அதான் எடுபிடி இருக்கே, அது குனியும்!''

விஷயம் இதுதான். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதிய 'கிட்' என்கிற ஏற்பாட்டில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாற்பது எழுத்தில் ஓர் அடையாளம் விழும். பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்களும் ஆங்கில எழுத்தின் முதல் ஆறும் கலந்த கதம்பம். யாரும் உட்கார்ந்து வைக்கிற பெயரல்ல அது. அந்தத் துண்டில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தையும், அதற்கு முந்தைய சரித்திரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வரும் விடை. ஒரே ஒரு கமாவை மாற்றினாலும் விடை தலைகீழாக மாறும்.

களத்து மேட்டில் இதை நம் தாத்தாக்கள் செய்திருக்கிறார்கள். நெல்லைத் தூற்றி அம்பாரமாகக் குவித்தபின் இருட்டிவிட்டால், அளப்பதை மறுநாளைக்கு வைத்துக்கொண்டு, அம்பாரத்தின் மேல் சாணிப்பாலோ சாம்பலோ விட்டுக் குறி போடுவார்கள். ராத்திரி எவனாவது ஒரு மரக்கால் அள்ளினால் நெல் சரியும், குறி கலையும். அள்ளிய இடத்தில் தன் வீட்டு நெல்லைக் கொட்டிச் சரிக்கட்டினாலும் பழைய குறி வராது. காவல்காரன் தூங்கினாலும் குறி தூங்காது.

லிஸ்ட்டில் பதிப்புப் பெயருக்குப் பதிலாக அந்த நாற்பது எழுத்தையும் எழுதிவிடுவதைத்தான் 'பின் பண்ணுவது' என்கிறார்கள். எங்கள் கணக்குப் பாஷையில், வவுச்சரோடு அசல் பில்லைக் குண்டூசியால் குத்தி வைப்பது. 2025 மார்ச்சில் போர்டு ஊர் முழுக்க மாறியபோதும், நாற்பது எழுத்தை எழுதியிருந்தவர்களின் எடுபிடி பழைய, சுத்தமான துண்டையே எடுத்து வந்தது. திருடன் மாட்டிய போர்டை அது ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

''இந்தக் குறியையும் போலியாப் பண்ண முடியாதா தம்பி?''

''2017-ல கூகுளும் ஆம்ஸ்டர்டாம்ல ஓர் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து, ரெண்டு வேற வேற ஃபைலுக்கு ஒரே குறி வர்ற மாதிரி செஞ்சு காட்டினாங்கண்ணே. ஆனா அதுக்கு ராட்சசக் கணக்குப் போடணும். அந்தத் தில்லுமுல்லைக் கண்டுபிடிக்கிற காவலை கிட்-லயும் அதே வருஷம் சேர்த்துட்டாங்க. போர்டை மாத்த ஒரு நிமிஷம் போதும். திருடன் எதைச் செய்வான்?''

நியாயம்தான். பூட்டை உடைக்கத் தெரிந்த திருடன்கூட முதலில் கதவைத் தள்ளித்தான் பார்ப்பான்.

●

குண்டூசி குத்தியாச்சு, இனி நிம்மதி என்று கால் நீட்டாதீர்கள். மூன்று ஓட்டைகள் பாக்கி.

முதல் ஓட்டை: நீங்கள் வாங்கிய துண்டு, தனக்கு வேண்டியதை வேறு ஒருவரிடம் வாங்கும். அவர் இன்னொருவரிடம். மேலே சொன்ன திருட்டை விசாரித்தவர்கள் கண்டது இதுதான். அதற்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 11-ல், 'ரிவ்யூடாக்' என்ற வேறொரு துண்டின் டேக்கை இதேபோல் மாற்றியிருக்கிறார்கள். டிஜே-ஆக்‌ஷன்ஸ் கிடங்கு ஒன்று அதைப் பெயரை நம்பி வாங்கியிருக்கிறது. அந்த வழியாகத்தான் சாவி போயிருக்கிறது. ஜாமீன் போட்டவருக்கு ஜாமீன் போட்டவர் யார் என்பதுவரை பார்க்க வேண்டும். அதற்காகத்தான் 'லாக் ஃபைல்' என்று ஒன்று இருக்கிறது. கடைசிக் கொள்ளுப்பேரன் வரைக்கும் எல்லாத் துண்டுகளின் பதிப்பையும் குறியையும் அதுவே எழுதி வைக்கும். அதை வேண்டாத குப்பை என்று அழித்துவிடும் புண்ணியவான்கள் உண்டு. அழிக்காதீர்கள். அதுதான் உங்கள் ஸ்டாக் ரிஜிஸ்டர்.

இரண்டாவது ஓட்டை: குறி சரியாக இருக்கும், சரக்கே இருக்காது. 2016 மார்ச் 22-ல் அஸர் கோச்சுலு என்பவர், ஒரு பெயர்த் தகராறில் கோபித்துக்கொண்டு, தான் எழுதிய 273 துண்டுகளை 'என்பிஎம்' கிடங்கிலிருந்து ஒரே மூச்சில் எடுத்துவிட்டார். அதில் 'லெஃப்ட்-பேட்' என்பது வெறும் பதினோரு வரி. ஒரு வார்த்தைக்கு இடது பக்கம் வெற்றிடம் சேர்ப்பது மட்டும் அதன் வேலை. அது இல்லாமல் உலகத்தின் பெரிய பெரிய புரோகிராம்கள் கட்டுமானத்தில் நின்றுபோயின. கிடங்குக்காரர்களே சில மணி நேரத்தில் அதைத் திரும்ப வைக்க வேண்டியதாயிற்று.

அது அமெரிக்கா என்று நினைக்க வேண்டாம். 2014 டிசம்பரில் நம் தொலைத்தொடர்புத் துறை தீவிரவாதப் பிரசாரத்தைத் தடுப்பதாகச் சொல்லி 32 இணையதளங்களை முடக்கச் சொன்னது. லிஸ்ட்டில் கிட்ஹப்பும் இருந்தது! சில நாட்களுக்குப் பிறகுதான் தடை விலகியது. அந்த நாட்களில் கையில் நாற்பது எழுத்து இருந்தென்ன, கிடங்கின் கதவே பூட்டு.

மரக்காணத்து உப்பளத்தில் போய்ப் பாருங்கள். வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து, மழைக்கு முன்பே ஓலை போட்டு மூடிவிடுவார்கள். ஐப்பசியில் மேகம் கறுத்தபின் ஓலை தேடினால் உப்பு கடலுக்கே திரும்பிவிடும். வேண்டிய துண்டுகளின் நகலை ஆபீஸிலேயே ஒரு கிடங்கில் வைத்திருப்பது அந்த ஓலை.

மூன்றாவது ஓட்டைதான் மோசமானது: குண்டூசி துருப்பிடிப்பது.

எக்விஃபேக்ஸ் என்பது அமெரிக்காவில் யார் எவ்வளவு கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்று குறித்து வைக்கும் கம்பெனி. அவர்கள் உபயோகித்த 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்ற துண்டில் பெரிய ஓட்டை இருக்கிறது என்று, அடைப்பதற்கான பதிப்போடு, 2017 மார்ச் 7-ல் அறிவிப்பு வந்தது. அவர்களின் ஓர் இணையதளத்தில் பழைய பதிப்பு அப்படியே கிடந்தது. யாரும் மாற்றவில்லை. மே மாதம் திருடர்கள் அந்த வழியாக நுழைந்தார்கள். சுமார் 14.7 கோடி பேரின் விவரம் போயிற்று.

ஆக, கண்ணை மூடிக்கொண்டு புதுசை வாங்கினவனும் கெட்டான். கண்ணை மூடிக்கொண்டு பழசைப் பிடித்துக்கொண்டிருந்தவனும் கெட்டான். புதுசிலோ பழசிலோ தப்பு இல்லை. கண்ணை மூடினதில்தான் தப்பு.

●

குண்டூசி குத்துவது மாற்றத்தைத் தடுக்க அல்ல. மாற்றம் வந்தால் அது ஒருவர் கையெழுத்தோடு வரட்டும் என்பதற்கு. கணக்கில் எத்தனை செலவு வேண்டுமானாலும் எழுதலாம். வவுச்சர் இல்லாமல் எழுதக்கூடாது. அவ்வளவுதான் சமாசாரம்.

தம்பி கொடுத்த யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாற்பது எழுத்தையும் முழுசாக எழுதுங்கள். ஏழெட்டு எழுத்தோடு நிறுத்திச் செல்லப் பெயர் வைக்காதீர்கள். பக்கத்திலேயே 'இது இன்ன பதிப்பு' என்று மனுஷ பாஷையில் ஒரு குறிப்பு போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் உங்களுக்கே புரியாது. 'ஸார், புதுசு வந்திருக்கு, மாத்தலாமா?' என்று கேட்டு மனுப் போடும் டிபெண்டபாட் போன்ற குமாஸ்தா புரோகிராம்களை வேலைக்கு வையுங்கள். மனுவைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று: வந்த அன்றைக்கே வாங்க ஓடாதீர்கள். 2025 செப்டம்பர் 8-ல் என்பிஎம் கிடங்கில் ஒருவரை மோசடி மெயிலில் ஏமாற்றி, வாரத்துக்கு 200 கோடி தடவைக்கு மேல் இறக்கப்படும் 18 துண்டுகளில் விஷம் கலந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். முதல் நாள் முதல் ஷோ பார்க்கிறவர்களுக்குத்தான் ஆபத்து. விமர்சனம் வந்தபின் போகிறவர்களுக்கு இல்லை. பாதுகாப்பு ஓட்டையை அடைக்கிற பதிப்பு மட்டும் இதற்கு விலக்கு. அதை உடனே பார்த்தாக வேண்டும்.

நம் அரசாங்கமும் முழித்துக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் பாதுகாப்பைக் கவனிக்கும் 'செர்ட்-இன்' 2024 அக்டோபரில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. சாஃப்ட்வேருக்குள் என்னென்ன சரக்கு, எந்தப் பதிப்பு, யார் கொடுத்தது என்று பட்டியல் வைக்கச் சொல்கிறது. ஊறுகாய் பாட்டிலில்கூட ஒட்டியிருக்கிற சங்கதி, சாஃப்ட்வேருக்கு இப்போதுதான் வருகிறது!

டீம் லீடர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த தடவை ஒரு பையன் வந்து 'நான் தொடலை ஸார்' என்றால் முறைக்காதீர்கள். நேற்றைய லாக் ஃபைலையும் இன்றையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அப்புறம் பையனை விசாரிக்கலாம். மாறியிருந்தால், அவன் தொடவில்லை. லாக் ஃபைலே இல்லையென்றால், விசாரிக்க வேண்டிய ஆள் பையன் இல்லை.

அது யார் என்பதை நான் சொல்ல மாட்டேன். எனக்கும் ஆபீஸ் வேலை தரும் நாலு மேனேஜர்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள்!